மாநிலப் பெயர் மாற்றத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு தேவையில்லை

மாநிலத்தின் பெயரை மாற்ற அரசியலமைப்புத் திருத்தமும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும் வேண்டும் என்று ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். அப்படி இல்லைங்க. அரசியலமைப்பின் பிரிவு 3-ன்படி நாடாளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதும். குடியரசுத் தலைவரின் பரிந்துரையோடு மசோதா வரணும், மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்கணும், அவ்வளவுதான். இதில் மாநிலங்களின் பெயர்களைப் பட்டியலிடும், அரசியலமைப்பின் முதல் அட்டவணையே மாறுவதால் குழப்பம் வருவது இயல்பு. ஆனால் அதை, அரசியலமைப்பைத் திருத்தும் முறையைச் சொல்லும் பிரிவு 368-ன் கீழான திருத்தமாகக் கருதக் கூடாது என்று பிரிவு 4(2) வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது.

நம்ம சென்னை மாநிலம் 1969 ஜனவரி 14-ல் தமிழ்நாடு ஆனதும் 1968-ல் நிறைவேறிய ஒரு சாதாரணச் சட்டத்தால்தான். சந்தேகம் இருந்தால் சட்ட அமைச்சகத்தின் இணையதளத்தில் திருத்தங்களின் பட்டியலைத் திறந்து பாருங்கள்: 21-வது (1967) சிந்தி மொழியைப் பற்றியது, 22-வது (1969) மேகாலயாவைப் பற்றியது. நடுவில் நம்ம பெயர் இருக்காது.