ஏழாவது சாம்பிள் கேட்காதீர்கள்

சொந்த டிசைனில் டி-ஷர்ட் போட்டு விற்க ஆசைப்படுகிறவர்கள் அடிக்கடி எனக்கு மெசேஜ் அனுப்புகிறார்கள். "சாம்பிள் மனசுக்குப் பிடிக்கவே மாட்டேங்குதுக்கா, இன்னொரு தடவை கேட்கலாமா?" என்பதுதான் பெரும்பாலும் கேள்வி. இது எத்தனையாவது என்று கேட்டால் நாலு, அஞ்சு என்கிறார்கள். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. நான் ஏழு வரைக்கும் போனவள்.

மூன்று வருடத்துக்கு முன்னால், தீபாவளிக்கு விற்பதற்காகத் திருப்பூரில் 300 டி-ஷர்ட் ஆர்டர் கொடுத்தேன். 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை) பருத்தித் துணி, பிசிறு போக நொதியில் அலசும் பயோவாஷ், நெஞ்சில் நான் வரைந்த பனைமரம். நிறம் நாவல்பழம். சாயப்பட்டறையிலிருந்து லேப் டிப், அதாவது நிறத்துக்கான சாய மாதிரி, வந்தது. ஓர் அட்டையில் ஏ, பி, சி என்று எழுதி, தீப்பெட்டி அளவில் மூன்று துண்டுத் துணி ஒட்டியிருந்தார்கள். வீட்டு டியூப்லைட்டில் பார்த்தால் பி அச்சு அசலாக நாவல்பழம். மொட்டை மாடிக்கு எடுத்துப்போனேன், வெயிலில் அதே பி சிவப்படித்தது. சி வெயிலில் அருமையாக இருந்தது, விளக்கடியில் கறுத்துவிட்டது. மறுபடி போடச் சொன்னேன். அதுவும் சரியில்லை, அப்புறம் இன்னொரு தடவை.

சாயத்தின் குணமே அதுதான் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போகும் இரண்டு நிறம் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்து நிற்கும். மெட்டாமெரிசம் என்று இதற்குப் பெயர். அதனால்தான் எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் லைட் பாக்ஸ் வைத்திருக்கிறார்கள். டி65 என்கிற பகல் வெளிச்ச விளக்கில் பார்த்து ஷேடை முடிவு செய்வார்கள். நானோ மொபைலில் இருந்த என் டிசைனோடு துணியை ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். தானே ஒளிவிடும் திரையும், விழுகிற ஒளியில் தெரியும் துணியும் எந்தக் காலத்தில் ஒன்றாகும்?

நிறம் ஒருவழியாக முடிந்ததும் அளவில் பிடித்துக்கொண்டேன். கை நீளம் கால் இஞ்ச் கூட. பனைமரம் அரை இஞ்ச் கீழே. நேரில் போய் மேஜையில் சட்டையை விரித்து டேப் வைத்துக் காட்டினேன். கட்டிங் மாஸ்டருக்கு அறுபது வயது இருக்கும். சட்டையை மெல்ல நீவிவிட்டு, "அம்மணி, இது பனியன் துணிங்க. போட்டவங்க மூச்சை இழுத்து விட்டாலே அரை இஞ்ச் ஏறி எறங்கும். இதுக்கு டேப் வெச்சுட்டு நின்னா எப்படிங்க?" என்றார். அன்றைக்கு அது எனக்குச் சாக்காகத்தான் பட்டது. அது சாக்கே இல்லை. நிட் துணி கண்ணி கண்ணியாகப் பின்னியது, இழுத்தால் போகும், விட்டால் வரும். அதைப் பல அடுக்கு விரித்து ஒன்றாக வெட்டும்போது மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் கொஞ்சம் வித்தியாசம் விழத்தான் செய்யும்.

சரக்கு என் கைக்கு வந்தது தீபாவளி முடிந்து நாலாவது நாள்.

விலையைக் குறைத்து, சித்திரை வரைக்கும் இழுத்து விற்றேன். 300 பேரில் ஒருவர்கூட நிறத்தைப் பற்றிப் பேசவில்லை. பனைமரம் அரை இஞ்ச் கீழே இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. வந்த புகார் எல்லாம் ஒன்றுதான்: இரண்டு தடவை துவைத்ததும் சட்டை குட்டையாகிவிட்டது, பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முன்னால் வருகிறது. ஏழு சாம்பிள் வாங்கிய நான் அதில் ஒன்றைக்கூடத் துவைத்துப் பார்க்கவில்லை.

அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். கச்சிதம், கச்சிதம் என்று நாம் அலைகிற இடத்துக்கும் வாங்குகிறவருக்கு வலிக்கிற இடத்துக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருப்பதில்லை. சாம்பிள் வந்த அன்றே தண்ணீரில் போடுங்கள். மூன்று தடவை துவைத்துக் காயப்போடுங்கள், துவைப்பதற்கு முன்னும் காய்ந்த பின்னும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சுருக்கம் ஐந்து சதவீதத்தைத் தாண்டினால் அந்தத் துணி வேண்டாம். பிரிண்டை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். பிரிண்டுக்குப் போடும் பிளாஸ்டிசால் மை சுமார் 160 டிகிரி செல்சியஸ் சூட்டில் முழுதாக வேகவேண்டும். வேகாதது இழுத்தால் வெடிக்கும். வெள்ளைத் துணியை ஈரமாக்கித் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா பாருங்கள். இந்த மூன்றில் பிடிவாதமாக இருங்கள், யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மற்றதற்கெல்லாம் ஆர்டர் கொடுக்கும்போதே எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்று எழுதிவிடுங்கள். மார்பு அளவில் அரை இஞ்ச், பிரிண்ட் இருக்கும் இடத்தில் அரை இஞ்ச் என்று அளவுத்தாளிலேயே இருந்தால், சரக்கு வந்தபிறகு மனசு அலைபாயாது, சண்டையும் வராது. உலகம் முழுக்கப் பெரிய பிராண்டுகளே இப்படித்தான் வாங்குகின்றன. ஏக்யூஎல் (ஏற்றுக்கொள்ளக்கூடிய தர வரம்பு) என்று ஒரு முறை உண்டு, ஐஎஸ்ஓ 2859 தரத்தில் அதன் அட்டவணை இருக்கிறது. 300 பீஸ் வந்தால் 50 பீஸை உருவிப் பார்ப்பார்கள். வழக்கமாக வைக்கும் ஏக்யூஎல் 2.5 என்ற வரம்புக்கு, அந்த 50-ல் மூன்று பீஸ் வரை பெரிய குறை இருந்தாலும் மொத்தச் சரக்கையும் ஏற்றுக்கொள்வார்கள், நாலாவது வந்தால்தான் தள்ளுவார்கள். கோடிக்கணக்கில் வாங்குகிறவர்களே குறையே இல்லாத சரக்கை எதிர்பார்ப்பதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும், எனக்கு இதுதான் அதிகம் உறுத்துகிறது. நம்முடைய பிடிவாதத்துக்கு நாம் மட்டும் விலை கொடுப்பதில்லை. என் ஆர்டரைத் தைத்த டெய்லர்களுக்குப் பீஸ் ரேட் கூலி. ஆல்ட்டருக்கு, அதாவது தைத்ததைப் பிரித்துத் திருத்த, உட்காரும் நேரத்துக்குத் தனியாகக் காசு கிடையாது என்று அங்கே ஓர் அக்கா சொன்னார். என் கால் இஞ்சுக்காக அவர் எத்தனை சட்டையைப் பிரித்திருப்பார்! ஷேட் சரியில்லை என்று துணியை மறுசாயம் போடச் சொன்னால் சாயம் ஏற்றத் தேவையான தண்ணீரும் உப்பும் மறுபடி. சாயக்கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டினால் 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையே மூடச் சொன்ன ஊர் அது. கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் இன்றைக்கு அங்கே பட்டறை நடத்தமுடியும். கண்ணுக்குத் தெரியாத ஒரு சாயல் வித்தியாசத்துக்காகச் சாயம் போடுவதை இரண்டு தடவை செய்யச்சொல்ல எனக்கு இப்போது மனசு வருவதில்லை.

இப்போதெல்லாம் இரண்டு சாம்பிள்தான். முதலாவதில் ஃபிட், இரண்டாவதில் நிறமும் பிரிண்டும். பொங்கலுக்கான ஆர்டரின் இரண்டாவது சாம்பிள் நேற்று வந்தது. கழுத்துப் பட்டி (ரிப்) நான் கேட்டதைவிட ஒரு நூல் அகலம். துவைத்து, கொடியில் போட்டு, காலையில் அளந்தேன். உடம்பு நீளம் இரண்டு சதவீதம்தான் சுருங்கியிருக்கிறது, தையல் நேராக நிற்கிறது. பத்து மணிக்குக் கட்டிங் போடச் சொல்லிவிட்டேன்.

என் அளவுத்தாள் மாதிரி வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.