உமிக்கரிக்கும் சான்று கிடைக்கட்டும்

உமி போன்ற தாவரக் கழிவைக் காற்றை அடக்கிச் சுட்டுப் பெறும் உயிர்க்கரியை, காபனைக் காற்றுக்குத் திரும்பாமல் நெடுங்காலம் மண்ணில் வைத்திருக்கும் ‘நீடித்த காபன் அகற்றலாக’ச் சான்றளிக்க ஆய்வுகூடச் சோதனை கட்டாயம் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை முழுமனதோடு ஏற்கிறேன். கரியில் உள்ள ஐதரசனுக்கும் சேதனக் காபனுக்கும் இடையிலான மூலர் விகிதம், அதாவது அணுக்களின் எண்ணிக்கை விகிதம், 0.7ஐத் தாண்டக்கூடாது என்பது ஐரோப்பிய உயிர்க்கரிச் சான்றிதழின் விதி. அது குறையக் குறைய நுண்ணுயிர்களால் கரியைச் சிதைப்பது கடினம்.

ஆனால் அந்த எண்ணோடு நின்றுவிடக் கூடாது. கிளிநொச்சிப் பக்கம் நெல் ஆலைகளின் பின்னால் உமிக்குவியல் நாட்கணக்கில் புகைவதைப் பார்த்திருக்கிறேன். மேலே சாம்பல் வெள்ளையாகப் பூத்திருக்கும். கம்பால் கிளறினால் உள்ளே பாதி வெந்த பழுப்பு உமி. அந்தப் புகையோடு புவியைச் சூடாக்கும் மீதேன் வாயுவும் போகிறது. காற்றை அடக்கி, எழும் வாயுவையும் எரித்துவிடும் அடுப்பில் சுட்டால்தான் காபன் கணக்கு நேராகும். ஆகவே சான்றளிப்பவர் அடுப்பையும் வந்து பார்க்க வேண்டும். கரி மண்ணுக்குப் போனதற்கும் பதிவு வேண்டும். விறகுக்குப் பதிலாக விற்றுவிட்டால் காபன் மறுபடி காற்றுக்கே போய்விடும்.

என் பெரிய கவலை செலவுதான். 2 ஏக்கரில் காலபோகம் செய்பவர் தனியாக வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு மாதிரி அனுப்ப முடியுமா? கமக்கார அமைப்பு ஊடாகப் பலரின் கரியை ஒன்றாகச் சேர்த்துச் சான்று பெற வழி திறக்க வேண்டும். கரி மண்ணில் நிலைப்பதை நாங்களே பார்க்கிறோம்: எங்கள் மணற்பாங்கான மேட்டுக்காணியில், கச்சான் வரிசைகளுக்கு இட்ட உமிக்கரி மூன்று மாரி கழிந்த பின்னும் மண்வெட்டியில் கறுப்பாகவே வருகிறது.