கஜகி அணை: 2008-ல் போய்ச் சேர்ந்தது டர்பைன் மட்டும்தான்

"ஆப்கானிஸ்தான் கஜகி அணையில் மூன்றாவது டர்பைன் 2008-லேயே ஓடியது, 2013-ல் அமெரிக்கா கொடுத்த பணம் முழுக்க ஏப்பம்" என்பது தவறு. 2008-ல் பிரிட்டிஷ் படை சுமார் 100 வண்டிகளோடு கொண்டுபோனது 18.5 மெகாவாட் டர்பைனின் பாகங்களை. அதைப் பொருத்தி உட்கார வைக்க நூற்றுக்கணக்கான டன் சிமென்ட் வேண்டும். சண்டை நடந்த ஹெல்மந்து மாகாணத்தின் வழியே டர்பைனை ஒருதடவை காவலோடு கொண்டுபோய்விடலாம். சிமென்ட் லாரிகளை மாதக்கணக்கில் எப்படி ஓட்டுவது? ஒப்பந்தக்காரரும் கிளம்பிவிட்டார், பாகங்கள் வருடக்கணக்கில் அப்படியே கிடந்தன. 2013-ல் அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட் ஒதுக்கிய 7.5 கோடி டாலர், ஆப்கன் அரசு மின் நிறுவனமான டிஏபிஎஸ் மூலம் அதை நிறுவி முடிக்கத்தான். ஓடியது 2016 அக்டோபரில். டிஏபிஎஸ்ஸால் அவ்வளவு பணத்தைக் கையாள முடியுமா என்று கேட்டிருந்தால் நியாயம். ஆப்கன் மறுகட்டமைப்புச் செலவைக் கண்காணித்த அமெரிக்க அரசின் சிகார் தணிக்கை அமைப்பே கேட்டது.