வழக்கு முடிந்தது, கடன் முடியவில்லை

"டிவோர்ஸ் ஆன ஆளுக்கு பேங்கில வீட்டுக் கடன் தருவாங்களா அக்கா?" என்று இன்பொக்ஸில் கேட்கிற பிள்ளைகளுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. இங்கேயே எழுதிவிடுகிறேன்.

தருவார்கள். ஒரு சம்பளம்தான் என்றால் கடன் தொகை குறையும், அவ்வளவுதான். ஆளை விழுத்துவது, பிரிந்த பிறகும் இரண்டு பேர் பெயரிலும் ஓடிக்கொண்டிருக்கிற பழைய கடன்.

எங்கள் திருகோணமலையில் வீட்டைப் பெண்பிள்ளைக்குச் சீதனமாக எழுதுவது வழக்கம். கல்யாணமாகிக் கொஞ்சக் காலத்தில் அந்தக் காணி உறுதி, அதாவது காணிப் பத்திரம், ஈடாக வங்கிக்குப் போய்விடும். கணவர் லொறி எடுக்க, கடை போட, கட்டாருக்குப் போக. காணி அவளுடையது, செலவு அவருடையது, கையெழுத்து மட்டும் இரண்டு பேருடையது. பிறகு பிரிகிறார்கள். மாவட்ட நீதிமன்றத்தில் இணக்கம் எழுதும்போது "கடனைக் கணவர் கட்டுவார்" என்று ஒரு வரி போடுவார்கள். அதை நம்பி எல்லாரும் நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

வங்கி அந்த வழக்கில் ஒரு தரப்பே இல்லை. அவர் கட்டாவிட்டால் அவளிடம்தான் வரும். அவர் தவணை பிந்தினால் அவளுடைய கிரிப் அறிக்கையிலும் விழும். கிரிப் என்பது யார் எவ்வளவு கடன் எடுத்தார், ஒழுங்காகக் கட்டினாரா என்று பதிவு வைக்கிற கடன் தகவல் பணியகம். பிறகு ஒரு நாள் அவள் தன் சம்பளச் சிட்டையோடு கடன் கேட்டுப் போவாள். அதிகாரி கணினியைப் பார்ப்பார், "மிஸ், பழைய லோன் ஒண்டு நிலுவையில கிடக்குதே" என்பார். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளைக்கு இதுதான் நடந்தது. முன்னாள் கணவர் எங்கே இருக்கிறார் என்றே அவளுக்குத் தெரியாது.

என் விவாகரத்து வழக்கில் சட்டத்தரணி அக்கா கறாராக நின்றா. "பழைய கடனை அடைச்சு முடிச்ச கடிதம் கையில வரட்டும், அப்புறம் இணக்கத்தில கையெழுத்து வை." அதற்கு என் நகை பாதி போனது. போகட்டும். காதில் கிடப்பதை விட கிரிப் சுத்தமாக இருப்பது எனக்குப் பெரிது.

அடுத்தது விவாகரத்துத் தீர்ப்பு. முதலில் வருவது இடைத் தீர்ப்பு. குறைந்தது மூன்று மாதம் கழித்துத்தான் அது முடிவான தீர்ப்பாகும். அதுவரை சட்டப்படி நீங்கள் மனைவிதான். யாழ்ப்பாணத்தைப் பூர்வீகமாகக் கொண்டு, அங்கத்தைய தமிழருக்கான மரபுச் சட்டமான தேசவழமைக்குள் வருகிறவர்கள் இதைக் கவனியுங்கள்: 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி, மனைவி தன் சொந்தக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அவர் காரணமில்லாமல் மறுத்தால் நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். 2020களிலும் இப்படி ஒரு சட்டம் உயிரோடு இருப்பது எனக்கு இன்னும் எரிச்சல்தான்.

பெயர்ப் பிரச்சினை தனிக் கூத்து. உறுதியில் அப்பாவின் பெயர், அடையாள அட்டையில் கணவரின் பெயர், சம்பளச் சிட்டையில் முதலெழுத்து வேறு. மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும். அம்மா காணியைத் தருகிறா என்றால் நன்கொடை உறுதியைப் பார்த்ததும் வங்கிச் சட்டத்தரணி முகம் சுளிப்பார். நாளைக்கு அம்மாவே அதை ரத்துச் செய்ய வழக்குப் போட்டால் என்ன செய்வது என்ற பயம் அவர்களுக்கு.

தொகைக்கு வருவோம். எனக்குச் சொன்ன கணக்கு, சம்பளத்தில் 40 வீதம். கையில் 90,000 ரூபாய் வந்தால் மாதம் 36,000 கட்டலாம். 12 வீத வட்டி, 15 வருடம் என்றால் அது 30 லட்சம் கடனுக்குத்தான் காணும். 30 லட்சத்தோடு திருகோணமலை நகரில் உவர்மலைப் பக்கம் வீடு விசாரிக்கப் போகாதீர்கள். இருக்கிற காணியில் இரண்டு அறையும் குசினியும் கட்டலாம். அரச வேலையில் இருக்கிறவர்கள் சம்பளத்தில் கழிக்கிற இடர்கடன் ஓடினால் அதையும் இந்த 36,000க்குள்தான் கழிப்பார்கள். வட்டி எத்தனை வருடத்துக்கு நிலையானது என்று கட்டாயம் கேளுங்கள். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 வீதப் புள்ளி ஏற்றியது. மாறும் வட்டியில் எடுத்தவர்கள் பட்ட பாடு தெரியும்தானே.

கடைசியில் பிணை. "அண்ணா, தம்பி, மச்சான் யாரும் இல்லையா?" என்று கேட்டார்கள். ஆண் கையெழுத்து வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது என்று திருப்பிக் கேட்டேன். எங்கேயும் இல்லை. நிரந்தர வேலையில் இருக்கிற இரண்டு பேர் போதும் என்றார்கள். என்னோடு படிப்பிக்கிற இரண்டு டீச்சர்மார் வந்து போட்டார்கள். பிணைக்காரரின் கிரிப்பிலும் இந்தக் கடன் தெரியும் என்று முதலே சொல்லித்தான் கூட்டிப்போனேன்.

அதில் ஒருத்தி, "நாளைக்கு எனக்குத் தேவையெண்டா நீ போடுவியா?" என்று கேட்டா. உன்னுடைய கடனுக்கு எந்த நேரமும் போடுவேன், உன் மனுசன் எடுக்கிற கடனுக்கு மாட்டேன் என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.