புத்தகக் கடையில் பேரம் பேசாதீர்கள்

கையில் காசு இறுகினால் வீட்டில் முதலில் நின்றுபோவது புத்தகச் செலவுதான். அதில் தப்பே இல்லை. டெல்டாவில் காசு தண்ணீரோடு வருவது. 2024-ல் மேட்டூரை வழக்கமான ஜூன் 12-ல் திறக்கவில்லை, ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். குறுவை போன வீட்டில் போய் நாவல் வாங்கச் சொல்ல எனக்கு வாய் வராது. நான் கேட்பது இவ்வளவுதான்: வாங்குகிற ஒன்றிரண்டையாவது ஊர்க் கடையில், போட்ட விலைக்கு வாங்குங்கள்.

மயிலாடுதுறையோ மன்னார்குடியோ, நம் பக்கத்துக் கடைகள் பிழைப்பது நோட்டிலும் கைடிலும். ஜூன் மாதப் பள்ளி வியாபாரம்தான் வருஷ வாடகையைத் தாங்குகிறது. கதை, கவிதை, வரலாறெல்லாம் அந்தத் தயவில் உள்ளே ஓர் அலமாரியில் இருக்கின்றன. "கைடு வித்த காசுலதான் சார் இத வச்சிருக்கேன்" என்பார் எங்கள் கடைக்காரர். ஐப்பசி பிறந்தால் கீழ்த்தட்டைக் காலி செய்து, கட்டுகளைப் பாலித்தீனில் சுற்றி மேலே ஏற்றிவிடுவார். ஓதம் ஏறி அட்டை சுருண்டால் அந்தப் பிரதி அவர் தலையில்தான்.

கணக்கையும் பாருங்கள். 300 ரூபாய் புத்தகத்துக்குப் பதிப்பகம் 30 சதவீதம் கழிவு கொடுத்தால் கடைக்கு 90 ரூபாய். பார்சல் கூலி, கரண்ட் பில், வேலை பார்க்கும் பெண்ணுக்குச் சம்பளம் எல்லாம் அதற்குள். "ஆன்லைன்ல 20 பர்சன்ட் தர்றானே" என்று கேட்டால் அதில் 60 போச்சு. விலை ஏன் ஏறுகிறது என்பார்கள். புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை, காகிதத்துக்கு உண்டு. கட்டிய வரியைத் திரும்ப எடுக்கப் பதிப்பகத்துக்கு வழியில்லை, அதுவும் விலையில்தான் விழும்.

போன மாதம் ஒருவர் கடையில் நின்றுகொண்டே நாலைந்து அத்தியாயம் படித்தார். பிறகு அட்டையை மொபைலில் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. விரல் ரேகை பட்ட அட்டையைத் துண்டால் துடைத்துத் திரும்ப அடுக்கினார். எனக்குத்தான் தாங்கவில்லை. புரட்டிப் பார்க்க ஓர் இடம் அந்த மனிதர் வாடகை கட்டுவதால் இருக்கிறது. அதை மூடிவிட்டால் ஊரில் ஒரு பிள்ளை தேடாத புத்தகத்தைத் தற்செயலாய் எங்கே கண்டெடுக்கும்? ஆன்லைனில் பேர் தெரிந்ததைத்தானே தேட முடியும்.

கடையில் இல்லாத புத்தகமென்றால் சொல்லி வைத்து வாங்குங்கள், நாலு நாள் ஆனால் ஆகட்டும். சம்பா அறுவடைப் பணம் வரும்போது வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். பொங்கல் விளையாட்டுப் போட்டிக்கு எவர்சில்வர் தட்டு வாங்கும் இளைஞர் மன்றத்துத் தம்பிகளே, பாதிப் பரிசையாவது புத்தகமாகக் கொடுங்கள். தலைமையாசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாப் பரிசுப் புத்தகங்களை ஊர்க் கடையிலேயே கேளுங்கள், பட்டியலை டிசம்பரிலேயே கொடுத்துவிடுங்கள், பில்லை மாதக்கணக்கில் இழுக்காதீர்கள். அவர் ரொக்கம் கட்டித்தான் சரக்கு எடுக்கிறார்.