காட்டோடு சேர்ந்து வரும் நாற்காலி

வனவியல், இயற்கை வளக் கல்லூரிகளுக்கு டீன் தேடும் விளம்பரங்களைப் பாருங்கள். எத்தனை ஆய்வுக் கட்டுரை, எவ்வளவு நிதி கொண்டுவந்தார், எத்தனை பேருக்கு முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டினார். கேட்கட்டும், தப்பில்லை. ஆனால் கணிதத் துறைக்கு இல்லாத ஒன்று இந்தக் கல்லூரிகளில் பலவற்றுக்கு உண்டு. சொந்தக் காடு. காடு இருந்தால் அக்கம்பக்கத்தாரும் இருப்பார்கள். அவர்களோடு பேசத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை.

அமெரிக்காவில் நான்கு வருட வனவியல் பட்டப்படிப்பைத் தொடங்கிய முதல் கல்லூரி, 1898-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வந்தது. பொறுப்பேற்றவர் பெர்ன்ஹார்டு ஃபெர்னோ. ஜெர்மானிய நாடான பிரஷ்யாவில் வனவியல் படித்தவர். அமெரிக்க அரசின் வனப் பிரிவுக்கு 1886-லிருந்து தலைவராக இருந்தவர். தகுதியில் குறை சொல்லவே முடியாது.

பயிற்சிக்கென்று அடிரோண்டாக் மலைப் பகுதியில் 30,000 ஏக்கர் காட்டை நியூயார்க் மாநிலம் வாங்கிக் கொடுத்தது. பணத்தைத் தாராளமாகக் கொடுத்ததா என்றால், இல்லை. காடு தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற எதிர்பார்ப்பு. விலைபோகும் ஊசியிலை மரங்களையோ மரக் கம்பெனிகள் முன்பே வெட்டிக்கொண்டு போயிருந்தன. மிச்சம் இருந்தவை மேப்பிள், பீச், பிர்ச் போன்ற அகன்ற இலை மரங்கள். அவற்றை வெட்டி விற்றுவிட்டு பைன், ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்களை நடலாம் என்று ஃபெர்னோ கணக்குப் போட்டார். புரூக்ளின் கூப்பரேஜ் என்ற பீப்பாய்க் கம்பெனியோடு 15 வருட ஒப்பந்தம் கையெழுத்தானது. நல்ல தடிகள் பீப்பாய்ப் பலகைக்கு, மற்றவை மரத்திலிருந்து வடிக்கும் ஆல்கஹாலுக்கு.

ஏட்டில் பார்த்தால் திட்டத்தில் ஓட்டை இல்லை. ஜெர்மானிய முறைப்படி மொத்தமாக வெட்டு, திரும்ப நடு. ஆனால் நட்ட கன்று காடாக எத்தனை காலம் ஆகும்? அதுவரை பக்கத்தில் இருப்பவன் கண்ணில் படுவது வெறும் அடிக்கட்டைகளும், கழித்துப்போட்ட கிளைகளை எரிக்கும் புகையும்தான். பக்கத்தில் அப்பர் சாரனாக் ஏரிக்கரையில் மாளிகை கட்டியிருந்த பணக்காரர்கள் கொதித்துப்போனார்கள். அவர்களுக்கு ஆளுநர் வரை செல்வாக்கு. (இதே இடத்தில் குடிசைவாசிகள் இருந்திருந்தால் புகார் எங்கே போயிருக்கும் என்பது வேறு விஷயம்.) 1903-இல் ஆளுநர் ஓடெல் கல்லூரிக்கான நிதியை ரத்து செய்தார். ஐந்தே வருடத்தில் கல்லூரிக்குப் பூட்டு.

ஏரிக்காரர்கள் சுயநலக்காரர்கள் என்றே வைத்துக்கொள்வோம். காசு தராமல் லாபம் கேட்ட மாநில அரசுக்கும் பங்கு உண்டு. இருந்தாலும் முதல் மரத்தை வெட்டும் முன் அந்த ஏரிக்கரைக்குப் போய், எங்கே வெட்டப்போகிறோம், எங்கே தொடமாட்டோம் என்று சொல்லி, அவர்கள் கண்ணில் படும் ஓரத்தையாவது விட்டுவைத்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வனவியல் தெரிந்தவருக்கு இது பெரிய வித்தையா என்ன?

ஃபெர்னோ வீணாகிவிடவில்லை. 1907-இல் டொராண்டோ பல்கலைக்கழக வனவியல் புலத்தின் முதல் டீன் ஆனார். கார்னெலிலும் இயற்கை வளத் துறை இன்று இயங்குவது அவர் பெயர் தாங்கிய கட்டடத்தில்தான். மூடிய கல்லூரிதான் திரும்பவில்லை. 1911-இல் மாநிலம் புதிதாக வனவியல் கல்லூரி தொடங்கியபோது அது சிரக்யூஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது.

டீன் நேர்காணலில் நான் உட்கார்ந்திருந்தால் கட்டுரைப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு ஒரு வரைபடத்தை விரிப்பேன். "இது கல்லூரிக் காடு, இது பக்கத்து ஊர். அடுத்த வருடம் இந்தச் சரிவில் மரம் வெட்டப்போகிறீர்கள். முதலில் யார் வீட்டுக்குப் போவீர்கள்?"