2003 தீர்ப்பு அப்படிச் சொல்லவில்லை

மேலே ஒருவர், "வேலைநிறுத்தமே சட்டவிரோதம்னு 2003லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு, கம்பெனி வேற ஆளை வைச்சுக்கிட்டா என்ன தப்பு" என்று எழுதியிருக்கிறார். பாதி சரி, பாதி தப்பு. அந்த வழக்கு கம்பெனி தொழிலாளர்களைப் பற்றியதே இல்லை. 2003 ஜூலையில் தமிழக அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது ஜெயலலிதா அரசு டெஸ்மா எனும் தமிழ்நாடு அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தில் சுமார் 1.7 லட்சம் பேரை ஒரேயடியாக நீக்கிவிட்டுத் தொகுப்பூதியத்தில் புது ஆட்களை எடுத்ததே, அதிலிருந்து வந்த வழக்கு அது. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமை இல்லை என்றது நீதிமன்றம். கடுமையான தீர்ப்புதான், எனக்கு அதில் உடன்பாடில்லை, ஆனால் அது வேறு பேச்சு.

தனியார் ஆலைக்கு 1947ஆம் வருடத் தொழில் தகராறு சட்டம் இருந்தது. அதில் எப்போது வேலைநிறுத்தம் செய்யக்கூடாது, எதற்கு முன்கூட்டியே நோட்டீஸ் வேண்டும் என்றெல்லாம் இருந்தது. மொத்தமாகவே தடை என்றால் நோட்டீஸ் எதற்கு? அப்புறம் அதன் ஐந்தாம் அட்டவணையைப் புரட்டிப் பாருங்கள்: சட்டவிரோதமில்லாத வேலைநிறுத்தம் நடக்கும்போது புதுத் தொழிலாளர்களை எடுப்பது நிர்வாகத்தின் நியாயமற்ற செயல் என்றே எழுதியிருந்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2020 தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு எல்லா ஆலைக்கும் 14 நாள் நோட்டீஸ் என்று இறுக்கியது உண்மை, ஆனால் இந்த வரியை அதுவும் எடுக்கவில்லை.